சொல் எடுத்துக் கொடுக்காதவர்

பேசிக்கொண்டிருக்கும் ஒருவர் சொல் கிடைக்காமல் நின்றால் பக்கத்தில் இருப்பவர்கள் எடுத்துக் கொடுப்பார்கள். செம்மேடு பேருந்து நிறுத்தத்து டீக்கடையில் தினமும் நடப்பது இது. எங்கள் மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் ஒரு நாடு. வாழவந்தி நாட்டுக்காரர் ஒருவர் தன் மாட்டை ஓட்டிப்போன வியாபாரியின் ஊரைச் சொல்ல வந்து மறந்துபோனால், ஒருவர் பேளுக்குறிச்சி என்பார், இன்னொருவர் காளப்பநாயக்கன்பட்டி என்பார், மூன்றாமவர் அதெல்லாம் இல்லை, முள்ளுக்குறிச்சி என்பார். கடைசியில் பேச வந்தவருக்கு மாட்டுக் கதையே கைவிட்டுப் போயிருக்கும். அந்தக் கூட்டத்தில் ஒருவர் மட்டும் வாயைத் திறக்காமல், வாளி மேலே வரும்வரை கயிற்றைப் பார்த்துக்கொண்டு நிற்பவர்போல அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தால், அது எங்கள் ஆஸ்பத்திரியில் என்னோடு வேலை பார்த்த அந்தப் பெண்தான்.

அவர் மலையடிவாரத்து ஊர்க்காரர். அவருடைய அப்பா, அவர் வாயில் அத்தா, அங்கே ஜவுளிக்கடை வைத்திருந்தார். திருச்சியில் சமூகப்பணி படித்துவிட்டு, மலைமேல் இருந்த எங்கள் சிறிய தர்ம ஆஸ்பத்திரிக்கு ஆலோசகராக வந்தார். என்னைவிட இளையவர். கட்டைக் குரல். வேகமான நடை. வாயில் எப்போதும் ஒரு கிராம்பு இருக்கும். அவர் அறைக்குள் வருவதற்கு முன் அந்த வாசனை வந்துவிடும்.

நான் ஒரு நாளிதழின் சேலம் பதிப்பில் நிருபராக இருந்துவிட்டு, நாமக்கல் தனி மாவட்டமான வருடம் வேலையை விட்டு மலைக்கு வந்தவன். என் மனைவிக்கு சேலத்துக் கூட்டம் ஒத்துக்கொள்ளவில்லை என்பது ஒரு காரணம். ஆஸ்பத்திரியில் சுகாதாரக் கல்விக்கென்று என்னை எடுத்தார்கள், பிறகு ஆலோசகர் என்று பெயர் மாற்றினார்கள். நிருபர் வேலையில் சொல் எடுத்துக் கொடுப்பதுதான் பிழைப்பு. மழையில்லை, கஷ்டம் என்று ஒரு விவசாயி சொன்னால், மறுநாள் பத்திரிகையில் அவர் ஒரு பத்தி முழுக்கப் பேசியிருப்பார். யாரும் மறுத்ததில்லை. சிலர் வெட்டி வைத்துக்கொண்டார்கள்.

அந்த வருடங்களில் சேலத்திலிருந்து ஒரு பெண் டாக்டர் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மலைக்கு வந்து எங்கள் இருவருக்கும் பயிற்சி கொடுத்தார். கொண்டை ஊசி வளைவுகள் அவருக்கு ஆகாது. கையில் எலுமிச்சம்பழத்தோடு வெளிறிப்போய் இறங்குவார், அரைமணி நேரம் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார், பிறகு எங்களைப் பிழிந்தெடுப்பார். நாலு பேர் பார்க்கிறார்கள் என்றாலே நடுங்கிப்போகிறவர்களுக்கான பேச்சு வைத்தியம் அது. என்ன ஆகிவிடும் என்று பயப்படுகிறாய் என்று முதலில் கேட்க வேண்டும். பிறகு அதையே செய்யவைத்து, தலையை நிமிர்த்தி, உண்மையில் என்ன ஆனது என்று பார்க்கவைக்க வேண்டும். பெரிய ஊர்களில் பெரிய டாக்டர்கள் செய்வதை, காய்ச்சலுக்கும் வயிற்று வலிக்கும் வருகிற கூட்டத்துக்கு நடுவே எங்களைப் போன்றவர்களும் செய்ய முடியுமா என்பதுதான் அவருடைய கேள்வி.

நோயாளியைச் செய்யச் சொல்வதை முதலில் நீ செய் என்பது அவர் வைத்த விதி. எனவே ஒரு சனிக்கிழமை எங்கள் இருவரையும் செம்மேடு கடைவீதிக்குக் கூட்டிப்போய், தையல்கடையில் மண்ணெண்ணெய் கேட்கச் சொன்னார். நான் போனேன். தையல்காரர் எனக்குப் பழக்கம். லேசாகச் சிரித்துக்கொண்டு கேட்டேன். அவரும் சிரித்தார். நல்லபடியாக முடிந்தது என்றுதான் நினைத்தேன். டாக்டர் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே, நீங்கள் கேட்கவில்லை, கேட்பதுபோல் நடித்தீர்கள் என்றார்.

அடுத்து என் சக ஆலோசகர் போனார். மண்ணெண்ணெய் இருக்கிறதா என்று கேட்கும்போதே காது மடல் வரை சிவந்துவிட்டது. தையல்காரர் மிஷினை நிறுத்திவிட்டு, "ஏனுங்கம்மிணி, துணியும் நூலும் கண்ணுக்குத் தெரியலீங்களா?" என்றார். உள்ளே காஜா எடுத்துக்கொண்டிருந்தவர்களும் எட்டிப் பார்த்தார்கள். அவர் சிரித்துச் சமாளிக்கவில்லை. தவறாகக் கேட்டுவிட்டேன் என்று சொல்லவில்லை. "இல்லீங்களா, சரிங்க" என்று சொல்லிவிட்டு, அத்தனை முகங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு வெளியே வந்தார். வெளியே வந்ததும் என் கையிலிருந்த தண்ணீரை வாங்கி மடமடவென்று குடித்தார். வெட்கமே இல்லாதவர் என்று பின்னாளில் அவரைப் பற்றிச் சிலர் சொன்னதுண்டு. தவறான தகவல். என்னைவிட அவருக்குத்தான் வெட்கம் அதிகம். அதை வைத்துக்கொண்டே நிற்கத் தெரிந்திருந்தது.

நோயாளிகள் சம்மதத்தோடு பேச்சைக் கேசட்டில் பதிவு செய்து, பயிற்சி நாளில் போட்டுக் கேட்போம். என் முதல் கேசட்டைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு டாக்டர் நிறுத்தினார்.

"குரல் நல்லா இருக்குங்க. இதுல நோயாளி யாருங்க?"

நோயாளி ஆங்காங்கே ம் என்று மட்டும் சொல்லியிருந்தார். மற்றதெல்லாம் நான்தான்.

என் சக ஆலோசகரின் கேசட்டைப் போட்டபோது பதிவாகவில்லை என்றே முதலில் நினைத்தேன். தகரக் கூரைமேல் மழை. யாரோ மூச்சு விடுவது. கிராம்பைக் கடிக்கும் மெல்லிய சத்தம். வெகுநேரம் கழித்து ஒரு பெண் குரல், தன் அண்ணன் கல்யாணத்தில் பந்தியில் உட்காராமல் மாட்டுக் கொட்டகையில் ஒளிந்திருந்ததைச் சொல்லத் தொடங்கியது. பிறகு அது நிற்கவே இல்லை. டாக்டர் பழத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். பத்திரிகையில் இத்தனை வருடம் இருந்தும் என்னிடம் யாரும் அப்படிப் பேசியதில்லை. அப்போது வந்தது பொறாமை என்று எழுதுவதில் எனக்குத் தயக்கமில்லை. செய்தியைத் தவறவிட்ட நிருபனுக்கு அது வழக்கமாக வருவதுதான்.

அவர் இந்தக் குணத்தை ஜவுளிக்கடையில் கற்றிருப்பார் என்று நானே ஒரு கதை கட்டி வைத்திருந்தேன். வாடிக்கையாளர் துணியைத் தொட்டுப் பார்க்கும்போது கடைக்காரர் பேசக் கூடாதல்லவா? ஒருநாள் அதை அவரிடம் சொன்னேன். "கடையில நான்தாங்ணா ரொம்பப் பேசுவேன். வந்தவங்க எந்திரிச்சுப் போயிருவாங்க. அத்தா என்னையக் கல்லாப் பக்கமே விட மாட்டாரு" என்றார். என் கதை அதோடு முடிந்தது.

எல்லாருக்கும் அந்தக் காத்திருப்பு பலித்தது என்றும் சொல்ல முடியாது. லாரி கிளீனர் ஒருவர் வந்தார். தன் பெயரைச் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்தார். இவர் காத்திருந்தார். அவர் வியர்த்தார். இவர் காத்திருந்தார். கடைசியில் அவர் எழுந்து போனவர் போனவர்தான். டாக்டர் அந்தக் கேசட்டைக் கேட்டுவிட்டு, முதல்நாள் வருகிறவருக்குக் கொஞ்சமாவது கை கொடுக்க வேண்டும், இது பிடிவாதம் என்றார். எனக்கு உள்ளூர இனித்தது. இவர் மறுக்கவில்லை. எடப்புளி நாட்டில் அந்த கிளீனரின் ஊரைத் தேடி நடந்து போனார். அவர் வேறு லாரியில் ஏறி ஆந்திரா பக்கம் போய்விட்டதாக வீட்டில் சொன்னார்கள். அதற்குப் பிறகு புதிதாக வருகிறவர்களுக்கு ஓரிரு சொல் எடுத்துக் கொடுக்கத் தொடங்கினார். அப்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். விளக்கெண்ணெய் குடிக்கும் குழந்தையின் முகம்.

அன்னாசி விவசாயி ஒருவரின் கதையையும் சொல்ல வேண்டும். பழம் அவர் விளைவிப்பார், சோளக்காட்டுச் சந்தையில் அவர் மனைவிதான் விற்பார். கூட்டத்தில் எல்லார் கண்ணும் தன்மேல்தான் இருக்கிறது, ஒரு சின்னத் தப்பு செய்தாலும் ஊரே சிரிக்கும் என்பது அவர் பயம். பஸ்ஸில் சாக்கு அவிழ்ந்து பழங்கள் உருள வேண்டும், உடனே பொறுக்காமல் நிமிர்ந்து சுற்றிலும் பார்க்க வேண்டும் என்று அவரும் இவரும் பேசி முடிவு செய்தார்கள். விதிப்படி முந்தின வாரம் இவர் ஒரு பை கொய்யாவை அதே பஸ்ஸில் கொட்டிக் காட்டியிருந்தார்.

அன்று நானும் பார்வையாளனாகப் பின் சீட்டில் இருந்தேன். வளைவில் சாக்கு அவிழ்ந்தது. அன்னாசிகள் கால்களுக்கு நடுவே உருண்டன. ஒரு கிழவி முள் குத்திவிட்டதென்று திட்டினாள். விவசாயி கம்பியைப் பிடித்தபடி கழுத்து நரம்பு புடைக்க நின்றார். இவர் இரண்டு சீட் தள்ளி உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மனிதர் மெல்லத் தலையை நிமிர்த்தத் தொடங்கினார். என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. எழுந்து, "ஒண்ணுமில்லீங்க, இது ஆஸ்பத்திரிப் பயிற்சிங்க. யாரும் தப்பா நினைக்காதீங்க" என்று உரக்கச் சொன்னேன்.

அதுவரை பழத்தைப் பார்த்துக்கொண்டிருந்த பஸ் மொத்தமும் அவரைப் பார்த்தது. பாவமே என்ற குரலில் ஒருவர், "என்ன சீக்குங்க அவருக்கு?" என்று கேட்டார். விவசாயி அடுத்த நிறுத்தத்தில் சாக்கை விட்டுவிட்டு இறங்கிப் போனார்.

திரும்பி வரும்போது இவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். பதிலெல்லாம் தயாராக வைத்திருந்தேன். ஆஸ்பத்திரி வாசலில்தான் வாயைத் திறந்தார். "அடுத்த வாரம் மறுக்காப் போறோமுங்ணா. நீங்க இங்கயே இருந்துக்கங்க."

மறுவாரம் போனார்கள். அதற்கடுத்த வாரமும் போனார்கள். சில மாதம் கழித்து சோளக்காட்டுச் சந்தையில் அந்த விவசாயி பழக் குவியலுக்குப் பின்னால் தானே உட்கார்ந்திருந்தார். எனக்கு ஒரு பழம் வெட்டிக் கொடுத்தார். அந்தம்மா என்னதான் செய்தார் என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "அவிய ஒண்ணுமே பண்ணலீங்க. சும்மா உக்காந்திருந்தாங்க" என்றார். ஒன்றுமே செய்யாதவரை அவ்வளவு நன்றியோடு ஒருவர் நினைப்பதை அதற்கு முன் நான் கண்டதில்லை.

இதுவரை எழுதியது தொழில் பொறாமை. சம்பளத்தோடு சேர்ந்து வருவது, சகித்துக்கொள்ளலாம். இனி எழுதப்போவது வேறு.

என் மனைவிக்கு விசேஷம் என்றால் முதல்நாளே வயிற்று வலி வரும். பஸ்ஸில் டிக்கெட் நான் கேட்பேன். கடையில் சாமான் நான் சொல்வேன். சொந்தக்காரர்கள் அவளிடம் ஏதாவது கேட்டால் நான் பதில் சொல்வேன், அவள் எனக்குப் பின்னால் அரையடி தள்ளி நின்று தலையாட்டுவாள். பொண்டாட்டியைத் தங்கமாக வைத்திருக்கிறான் என்று அவள் பக்கத்துச் சொந்தத்தில் எனக்குப் பெயர். அந்தப் பெயர் எனக்குப் பிடித்திருந்தது. ஒரே ஒரு ஆசை அவளுக்கு இருந்தது. பால்வாடி ஆசிரியை ஆக வேண்டும். அதற்கான படிப்பும் இருந்தது. ஒருமுறை நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. கூடப் போனேன். அதிகாரி கேட்ட கேள்விகளுக்கெல்லாம் நான் சிறப்பாகப் பதில் சொன்னேன். வேலை கிடைக்கவில்லை. இரவு அவள் ஒன்றும் பேசவில்லை. எப்போதும் பேசாதவள் என்பதால் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

என் தங்கை மகளின் பூப்புச் சீருக்கு முதல்நாள், வழக்கமான வலியோடு அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். சீட்டு கொடுக்கும் இடத்தில் அன்று என் சக ஆலோசகர் உட்கார்ந்திருந்தார். வலி எப்போது வரும் என்று அவளைக் கேட்டார். விசேஷத்துக்கு முன்னால் என்று நான் சொன்னேன். என் பக்கம் திரும்பாமல், வலி வந்தால் என்ன தோன்றும் என்று அவளைக் கேட்டார். அதற்கும் நான் பதில் சொன்னேன். அப்போதுதான் என்னைப் பார்த்தார்.

"ஏனுங்ணா, மாத்திரைப் பெட்டி கீழருந்து வந்துருச்சான்னு சித்தப் பாத்துட்டு வாரீங்களா?"

பெட்டி வரவில்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். போனேன். திரும்பி வந்தபோது என் மனைவி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் நிறுத்திவிட்டாள்.

இப்படித்தான் என் மனைவி அவருடைய நோயாளி ஆனாள். நான் பார்க்கக் கூடாது என்பது விதி. அது நியாயமும்கூட. பயிற்சி நாளில் அவள் கேசட் வரும்போது டாக்டர் என்னை மரியாதையாக வெளியே அனுப்புவார். நான் பலாமரத்தடியில் போய் நிற்பேன். செய்தி எங்கே நடக்கிறதோ அங்கே உள்ளே போகிற வேலையைச் செய்தவன், என் வீட்டுச் செய்திக்கு வெளியே நின்றேன். ஒருநாள் மழைக்காகத் தாழ்வாரத்தில் ஒதுங்கினேன். கதவு சரியாகச் சாத்தவில்லை. சொற்கள் கேட்கவில்லை, கேட்கவும் முயலவில்லை. ஆனால் கேசட்டில் ஒரு பெண் வாய்விட்டுச் சிரித்தாள். யார் இது என்று ஒரு கணம் யோசித்தேன். கல்யாணமாகி அத்தனை வருடத்தில் அந்தச் சிரிப்பை நான் கேட்டதில்லை. மழையிலேயே பலாமரத்துக்குத் திரும்பிப் போனேன்.

பயந்தவர்கள் சாய்ந்துகொள்ளும் பொருட்களுக்கும் பழக்கங்களுக்கும் டாக்டர் புத்தகத்திலிருந்து ஏதோ ஒரு பெயர் வைத்திருந்தார். இரண்டு கையாலும் டம்ளரைப் பிடிப்பது, சொல்லப்போவதை மனசுக்குள் ஒத்திகை பார்ப்பது, கடைசி வரிசையில் உட்காருவது, இதெல்லாம் அதில் அடக்கம். மலைக்காரர்களுக்கு அந்தப் பெயர் வாயில் நுழையவில்லை. காற்றுக்குச் சாயாமல் வாழைக்குக் கொடுக்கும் முட்டு என்றே அவர்கள் சொன்னார்கள், அதுவே நிலைத்துவிட்டது. ஒரு மாலை என் மனைவி பையை எடுத்துக்கொண்டு நின்றாள். நான் சட்டையை மாட்டினேன்.

"நா மட்டும் போயிட்டு வாரனுங்க மாமா. இன்னிக்கு முட்டு வேண்டாம்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்கு அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்று தெரியும். அவள் வர நேரமானது. புளிக்குப் பதிலாக மிளகாய் வாங்கி வந்திருந்தாள், கடைக்காரர் தவறாக எடுத்துக் கொடுத்தாராம், மாற்றிக் கேட்க வாய் வரவில்லையாம். நான் போய் மாற்றி வருகிறேன் என்றேன். வேண்டாமுங்க, நாளைக்கு நானே போறேன் என்றாள். மறுநாள் புளி வந்தது. அவளும் என் சக ஆலோசகரும் அதை ஒரு பெரிய விஷயமாகப் பேசிக்கொண்டிருந்ததை ஆஸ்பத்திரி வராந்தாவில் பார்த்தேன். நான் போனதும் பேச்சை மாற்றவில்லை. அதுவும் வலித்தது. மறைக்கும் அளவுக்குக்கூட நான் அதில் இல்லை.

இரண்டாவது நேர்காணல் அழைப்பு அந்தச் சமயத்தில் வந்தது. வாழவந்தி நாட்டில் ஒரு பால்வாடிக்கு ஆள் வேண்டும். இந்த முறையும் போய்விட்டால் வயது வரம்பு தாண்டிவிடும், பிறகு அழைப்பே வராது. என்ன சொல்ல வேண்டும் என்று எழுதித் தரட்டுமா என்று அவளிடம் கேட்டேன். வேண்டாம் என்றாள். நேராக அவரிடமே போய், நீங்களாவது நாலு பதில் சொல்லிக் கொடுங்கள், இது மண்ணெண்ணெய் விஷயம் இல்லை, அவள் வாழ்க்கை என்றேன். கிராம்பை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்கு ஒதுக்கிக்கொண்டு, "இருக்கட்டுங்ணா, வரும்" என்றார். இது அவர் அடிக்கடி சொல்வது. அன்று அதைக் கேட்டபோது அவரை அறைய வேண்டும்போல் இருந்தது.

ஒன்றிய அலுவலகத்தின் பக்கவாட்டு அறையில் நேர்காணல். ஜன்னல் திறந்திருந்தது. வெளியே மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மரங்களுக்குக் கீழே நானும் நின்றேன், ஒரு மணி நேரம் அனுமதி வாங்கிக்கொண்டு வந்த அவரும் நின்றார். உள்ளே மேசைக்குப் பின்னால் ஒரு பெண் அதிகாரி. என் மனைவியின் முதுகு மட்டும் தெரிந்தது. பெயர், படிப்பு எல்லாம் வந்தது, மெதுவாக வந்தது. பிறகு அதிகாரி கேட்டார். ஒரு குழந்தை சாப்பிடவே மாட்டேன் என்று அழுதால் என்ன செய்வீர்கள்?

அதிகாரி கேள்வியைத் திரும்பவும் கேட்டார். என் மனைவியின் ரவிக்கை முதுகில் வியர்வை பரவுவதைப் பார்த்தேன். அவள் கை புடவைத் தலைப்பைத் தேடியது, பிடித்தது, பிறகு விட்டது. என்னிடம் பதில் இருந்தது. கதை சொல்லிச் சாப்பிட வைப்பேன் என்று சொன்னால் போதும், எந்த அதிகாரிக்கும் பிடிக்கும். ஜன்னல் எனக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. கம்பியைப் பிடித்துவிட்டேன்.

பக்கத்தில் நின்றவர் என் கையைப் பிடித்து இழுப்பார் என்று நினைத்தேன். இழுக்கவில்லை. வேண்டாம் என்று தலையாட்டவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. ஜன்னல் வழியே அந்த முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். தடுத்திருந்தால் பேசியிருப்பேன். எனக்கும் அவர் எதையும் எடுத்துக் கொடுக்கவில்லை.

உள்ளே அதிகாரி பேனாவைத் தாளுக்கு அருகில் கொண்டுபோனார். அப்போது என் மனைவியின் குரல் வந்தது. நடுங்கிக்கொண்டுதான் வந்தது.

"சித்த இருங்க. எனக்கு நேரமாகும். சொல்றனுங்க."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார்.

வெளியே ஒரு லாரி போனது. அதன் சத்தம் அடங்கியபிறகு அவள் சொன்னாள். "அழுவற புள்ளைகிட்டப் போவ மாட்டனுங்க. பக்கத்துல இருக்கற புள்ளைக்கு ஊட்டுவேன். இது அழுதுக்கிட்டே பாத்துக்கிட்டிருக்கும். எனக்கில்லையான்னு தோணும். பொறவு தானா வாயத் தொறக்கும்."

அதிகாரி சிரித்துவிட்டார். தன் வீட்டிலும் அப்படி ஒன்று இருக்கிறது என்றார். அதன் பிறகு நடந்ததை நேர்காணல் என்று சொல்ல முடியாது. இரண்டு பெண்கள் குழந்தைகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் பதிலை யார் சொல்லிக் கொடுத்தது என்று அவரிடம் கேட்டேன். "நானும் இப்பத்தாங்ணா கேக்கறேன்" என்றார். கண் கலங்கியிருந்தது. அதை முந்தானையால் துடைக்காமல் அப்படியே விட்டிருந்தார்.

என் மனைவி வெளியே வந்தாள். நான் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். வாங்கிக்கொண்டாள், ஆனால் அவரைப் பார்த்துத்தான் பேசினாள்.

"கை நடுங்குச்சுங்கக்கா."

"பாத்தாங்களா?"

"பாத்தாங்க."

"அப்பறம்?"

"பேனாவ வெச்சுட்டுக் கேட்டாங்க."

அவ்வளவுதான். யாரும் யாரையும் பாராட்டவில்லை. இருவரும் முன்னால் நடந்தார்கள், நான் அரையடி தள்ளிப் பின்னால் நடந்தேன்.

வேலை கிடைத்தது. என் மனைவி தினமும் காலை பஸ்ஸில் வாழவந்தி நாட்டுக்குப் போனாள். கண்டக்டர் அவளைப் பால்வாடி டீச்சர் என்று கூப்பிடத் தொடங்கினார். ஒருமுறை அவளோடு அந்த பஸ்ஸில் போனபோது, டீச்சர் வீட்டுக்காரர் என்று எனக்கு எழுந்து இடம் கொடுத்தார்கள்.

அடுத்த ஆண்டு, கீழே சமவெளியில் வேறு சில ஆஸ்பத்திரிகளிலும் இதே பயிற்சியைத் தொடங்குவது என்று முடிவானது. அங்கே இருப்பவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க எங்களில் ஒருவர் போக வேண்டும். நான் தயாராக இருந்தேன். இந்த வைத்தியம் மலையில் எப்படி நடந்தது என்று நான் எழுதிய அறிக்கையை டாக்டர் பல இடங்களில் படித்துக் காட்டியிருந்தார். அவர் சுற்றி வளைக்காமல் சொன்னார். "அறிக்கை உங்களோடது மாதிரி யாரும் எழுத முடியாது. கேசட்டு அவங்களோடதுங்க." ஆட்சேபிக்க ஒன்றுமில்லை. நான் பத்திரிகை ஆசிரியராக இருந்தாலும் அந்தத் தலைப்பைத்தான் போட்டிருப்பேன்.

என் சக ஆலோசகர் சமவெளிக்குக் கிளம்பிய நாள் ஒரு வேலை நாள். முந்தின மாலை என் மனைவியிடம் சொன்னேன். நாளைக்குக் குழந்தைகளுக்கு ஊசி போட வருகிறார்கள், என்னால் வர முடியாது என்றாள். அக்கா போகிறார்களே, அரை நாள் விடுப்பு எடுக்கலாமே என்றேன். முடியாதுங்க மாமா என்றாள். காரணத்தை ஒருமுறைக்கு மேல் சொல்லவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை.

காலையில் அவருடைய அத்தா கடையின் டெம்போ ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றது. ஒரு பெட்டி, படுக்கை, டேப் ரிக்கார்டர். நர்சுகள் வந்திருந்தார்கள். அன்னாசி விவசாயி ஒரு சாக்குப் பழத்தோடு வந்திருந்தார். கிளம்புகிறவர் எல்லாரிடமும் பேசிக்கொண்டே நடுவில் ஒருமுறை ரோட்டைப் பார்த்தார். யாரைத் தேடுகிறார் என்று எனக்குத் தெரிந்தது. எனக்கு ஒரு செய்தி கையில் இருந்தது. அதைத் தலைப்புச் செய்தியாக எப்படிக் கொடுப்பது என்று காலையிலிருந்து யோசித்து வைத்திருந்தேன். அவர் முகம் வாடுவதை ஒருமுறையாவது பார்க்க வேண்டும் என்றிருந்தது.

வண்டியருகே போய், அவள் வரவில்லை என்றேன். வேலை இருக்கிறதாம் என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார்.

"வர முடியாதுன்னு அவங்களே சொன்னாங்களா?"

"அவளேதான் சொன்னா."

"நீங்க வரச் சொல்லியும் மாட்டேன்னாங்களா?"

"ஆமா. எவ்வளவோ சொல்லிப் பாத்தேன்."

கிராம்பை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கினார். பிறகு முகம் முழுக்க மலர்ந்து சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அன்று மட்டும்தான். "போதுங்ணா. இது போதும்" என்று சொல்லிவிட்டு, நான் கொண்டுபோன அந்தச் செய்தியைப் பிறந்த வீட்டுச் சீர்போல வாங்கிக்கொண்டு டெம்போவில் ஏறி உட்கார்ந்தார்.